கொதிக்கும் பேச்சிலிருந்து எழுந்து போவது எப்படி: முன்தயாரிப்பு முதல் திரும்பி வருவது வரை

"டென்ஷன் ஆனா அந்த இடத்தை விட்டு எழுந்து போயிடு" என்று சொல்ல ஆள் நிறைய இருக்கிறார்கள். எப்போது எழுவது, என்ன சொல்லிவிட்டு எழுவது, வெளியே போய் என்ன செய்வது என்று யாரும் சொல்வதில்லை. அதனால் பலர் ஒருமுறை முயன்று, சண்டை முன்பைவிடப் பெரிதாகி, இதெல்லாம் நமக்குச் சரிப்படாது என்று விட்டுவிடுகிறார்கள்.

புதிதாகப் பழகுபவர்கள் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். எழுந்து போகிறார்கள், எப்போது வருவோம் என்று சொல்வதில்லை. கீழே உள்ள படிகளில் பாதி இந்த ஒரு ஓட்டையை அடைப்பதற்காகவே இருக்கின்றன.

இந்தப் படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். முதல் ஐந்தும் சண்டை எதுவும் இல்லாத நாளில் செய்ய வேண்டியவை. ஒரு தாள், ஒரு பேனா, அரை மணி நேரம் இருந்தால் போதும். கோபம் வந்த பிறகு திட்டம் போட உட்கார்ந்தால் திட்டத்தைக் கோபம்தான் போடும்.

1. எந்த வகை நெருக்கடி என்று பிரித்துவிடுங்கள்

எல்லா நெருக்கடிக்கும் ஒரே மருந்து கிடையாது. உங்களை அடிக்கடி அலைக்கழிக்கும் சூழ்நிலைகளைத் தாளில் எழுதி, ஒவ்வொன்றும் எந்த வகை என்று பாருங்கள்.

சூடு ஏறிவிட்ட பேச்சு ஒரு வகை. வீட்டில் வாக்குவாதம், அலுவலகத்தில் உரசல், போனில் இழுபறி எல்லாம் இதில் சேரும். 2 முதல் 8 வரையுள்ள படிகள் இதற்கானவை.

ஒரே இடம், ஒரே ஆள், மாதக்கணக்கில் அதே தொல்லை என்றால் அது வேறு வகை. கொஞ்ச நேரம் வெளியே போய் வருவதால் அது தீராது. அதற்கு 9-ஆம் படி.

பயத்தால் வரும் படபடப்பும் இருக்கிறது. மேடையில் பேசுவது, நேர்முகத் தேர்வு, பாக்கிக் கணக்கைத் திறந்து பார்ப்பது போன்றவை. இங்கே எழுந்து போகாதீர்கள். தவிர்த்த அந்த நிமிடம் நிம்மதியாக இருக்கும். அந்த நிம்மதியே அடுத்த முறையும் தவிர்க்கச் சொல்லும், பயம் வளர்ந்துகொண்டே போகும். பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: நான் ஒதுங்க நினைப்பது யாராவது என்னிடம் நடந்துகொள்ளும் விதத்திலிருந்தா, இல்லை நான் செய்தே ஆக வேண்டிய ஒரு வேலையிலிருந்தா? வேலையிலிருந்து என்றால் இந்த வழிகாட்டி உங்களுக்கு உதவாது.

எதிரில் இருப்பவர் கை நீட்டுபவர், மிரட்டுபவர், வழியை மறிப்பவர் என்றால் கீழே சொல்லும் "முன்கூட்டியே பேசிவைப்பது", "சொல்லிவிட்டுப் போவது" இரண்டும் பொருந்தாது. அப்படிப்பட்டவரிடம் "நான் போகிறேன்" என்று அறிவிப்பது ஆபத்தைக் கூட்டலாம். வன்முறை உள்ள உறவுகளில் பிரிந்து போகும் நேரமும் அதையொட்டிய நாட்களும்தான் மிக ஆபத்தானவை. போகும் திட்டத்தை நம்பகமான ஒருவரிடமோ, இதற்கென்றே இருக்கும் உதவி அமைப்பிடமோ மட்டும் பேசுங்கள். அவசரம் என்றால் காவல்துறையை அழையுங்கள். திரும்பி வந்து விளக்கம் சொல்ல வேண்டிய கடமை அங்கே கிடையாது.

2. உங்கள் உடம்பு முதலில் எங்கே சொல்கிறது என்று கண்டுபிடியுங்கள்

பெரும்பாலோர் கத்திய பிறகுதான் "சரி, நான் போறேன்" என்கிறார்கள். அது தாமதம். கத்தலுக்கு ஓரிரு நிமிடம் முன்பே உடம்பு ஏதாவது ஒரு குறி காட்டியிருக்கும். ஒருவருக்குக் காது மடல் சூடாகும், இன்னொருவருக்குத் தாடை இறுகும். ஒரே வாக்கியத்தை மூன்றாம் முறை சொல்வது, பதிலுக்குச் சிரிக்கத் தொடங்குவது, கேட்பது நின்று அடுத்து என்ன சொல்லலாம் என்று மட்டும் ஓடுவது இவையும் குறிகள்தான்.

உங்கள் குறி எது என்று உங்களைவிடக் கூட இருப்பவருக்கு நன்றாகத் தெரியும். "எனக்குக் கோபம் வரப்போவுதுன்னு உனக்கு எதை வச்சுத் தெரியும்?" என்று கேளுங்கள். பதில் யோசிக்காமல் வரும், கொஞ்சம் சுருக்கென்றும் இருக்கும். வாதாடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

எண் வேண்டும் என்பவர்களுக்கு நாடித்துடிப்பு இருக்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தம்பதிகளின் சண்டைகளைப் பல ஆண்டுகள் கருவிகள் பொருத்தி ஆராய்ந்த ஜான் காட்மன், துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டினால் எதிராளி சொல்வது சரியாக உள்ளே போவதில்லை என்கிறார். மணிக்கட்டில் விரல் வைத்து 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். 25 வந்தால் 100. விளையாட்டு வீரர்களுக்கு இந்த எல்லை இன்னும் கீழே இருக்கும். இதயத்துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் இந்த எண்ணை நம்ப வேண்டாம், மற்றக் குறிகளைப் பாருங்கள்.

இரண்டே குறிகளைத் தேர்ந்தெடுங்கள். பத்து குறி எழுதிவைப்பவர்களுக்கு நேரம் வரும்போது ஒன்றும் நினைவுக்கு வராது.

3. கூட இருப்பவரிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். "எழுந்து போறது என் உரிமை, இதுக்கு எதுக்கு ஒப்பந்தம்?" என்று கேட்பார்கள். உரிமைதான். ஆனால் எதிரில் இருப்பவருக்கு உங்கள் முதுகு மட்டுமே தெரிகிறது. அவமதிக்கிறாரா, நிரந்தரமாகப் போகிறாரா, போய்ப் பத்து பேரிடம் சொல்லப்போகிறாரா என்று அவர் மனம் மிக மோசமான அர்த்தத்தையே எடுக்கும். சிறுவயதில் யாராலோ கைவிடப்பட்டவர் என்றால் சொல்லவே வேண்டாம்.

பேசிவைக்க வேண்டியவை நான்கு. என்ன வார்த்தை சொன்னால் இடைவேளை என்று பொருள், எவ்வளவு நேரம், அந்த நேரத்தில் இருவரும் என்ன செய்யக் கூடாது, திரும்பப் பேச்சை யார் தொடங்குவது.

கடைசிக் கேள்விக்கு என் பதில்: இடைவேளை கேட்டவர்தான் தொடங்க வேண்டும். மற்றவர் கேட்டுக் கேட்டுக் கூப்பிட வேண்டிய நிலை வந்தால், இரண்டாம் முறை உங்களை எழுந்து போக விட மாட்டார்.

மேலதிகாரியிடம் இப்படி ஒப்பந்தம் போட முடியாது. அங்கே ஒரு வரி முன்னோட்டம் போதும்: "சார், சூடான விஷயத்துக்கு உடனே பதில் சொன்னா நான் தப்பாச் சொல்லிடுவேன். அரை மணி நேரம் எடுத்துக்கிட்டு வந்து சொல்றது என் பழக்கம்." நல்ல நாளில் சொன்னால் இது நிதானமாகக் கேட்கும். சண்டை நடுவில் சொன்னால் சாக்குப்போக்காகக் கேட்கும்.

4. சொல்லப்போகும் வாக்கியத்தை எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்

கோபத்தில் புது வாக்கியம் அமைக்க மூளை ஒத்துழைக்காது. மனப்பாடமாக இருப்பது மட்டுமே வாயில் வரும். வாக்கியத்தில் மூன்று பகுதி இருக்க வேண்டும்: என் நிலை, நான் போவது, திரும்பும் நேரம்.

கணவன் மனைவிக்குள்: "எனக்குப் படபடன்னு வருது. கொஞ்சம் வெளிய போயிட்டு எட்டரைக்கு வர்றேன், வந்து பேசலாம்."

அம்மாவிடமோ அப்பாவிடமோ: "அம்மா, இப்ப பேசினா நான் ஏதாவது மரியாதை இல்லாமப் பேசிடுவேன். சாயங்காலம் நானே வந்து பேசுறேன்."

வேலையிடத்தில்: "இதை யோசிச்சுப் பதில் சொல்லணும் சார். மூணு மணிக்கு வந்து பேசட்டுமா?"

போனில்: "நான் இப்ப வச்சுடறேன். ஒன்பது மணிக்கு நானே கூப்பிடறேன்."

இந்த வாக்கியங்களில் "நீ", "நீங்கள்" என்று தொடங்கும் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். "உன்கிட்டப் பேசிப் பிரயோஜனம் இல்ல", "நீ முதல்ல அமைதியாகு" என்பவை விடைபெறும் சொற்களைப் போல இருக்கும், ஆனால் குத்தல்தான். குத்திவிட்டுப் போனால் எதிராளி பின்னாலேயே வருவார்.

"கொஞ்ச நேரம் கழிச்சு" என்பதும் நேரம் ஆகாது. கடிகாரம் காட்டும் நேரத்தைச் சொல்லுங்கள்.

பிறகு குறியையும் வாக்கியத்தையும் முடிச்சுப் போடுங்கள்: "தாடை இறுகினால், எட்டரை வாக்கியத்தைச் சொல்லுவேன்." "இது நடந்தால் அதைச் செய்வேன்" என்று முன்பே முடிவுசெய்தவர்கள் பொதுவாக உறுதி எடுப்பவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. "இனிமேல் பொறுமையாக இருப்பேன்" என்ற உறுதிமொழிக்கு எப்போது, எங்கே என்று இல்லை. அதனால்தான் அது தாங்குவதில்லை.

5. போகும் இடத்தை முடிவுசெய்யுங்கள்

இடம் தெரியாமல் எழுந்தவர்கள் வாசல்வரை போய், நின்று, திரும்பி வந்து சண்டையைத் தொடர்வார்கள். அல்லது வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். இரண்டாவது மோசம். கை நடுங்கும் நேரத்தில் வண்டி ஓட்டக் கூடாது. சாவியை எடுப்பதே உங்கள் வழக்கம் என்றால், நடந்து போகும் தூரத்தில் ஒரு இடம் தேடிவையுங்கள்.

மொட்டை மாடி, தெருமுனை வரை நடை, அலுவலகத்தில் வேறு தளம், எதுவாகவும் இருக்கலாம். குரல் கேட்காத தூரம் வேண்டும், நீங்கள் சொன்ன நேரத்துக்குள் திரும்ப முடிய வேண்டும். அவ்வளவுதான்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் யார் பார்த்துக்கொள்வது என்பதும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். நீங்கள் தனியாக இருக்கிறீர்கள், கைக்குழந்தை அழுகையை நிறுத்தவில்லை, உங்களுக்குத் தாங்க முடியவில்லை என்ற நிலைக்கும் ஒரு முறை இருக்கிறது. குழந்தையைத் தொட்டிலில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். பக்கத்தில் தலையணை, துணி எதுவும் வேண்டாம். கதவைச் சாத்திவிட்டு ஐந்து பத்து நிமிடம் அடுத்த அறையில் இருங்கள், பிறகு போய்ப் பாருங்கள், யாரையாவது துணைக்குக் கூப்பிடுங்கள். அந்த அழுகையால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. எரிச்சலில் பிடித்துக் குலுக்கிவிட்டால் மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு உயிரே போகலாம்.

6. எழும் அந்த அரை நிமிடம்

இங்கே வரிசைதான் எல்லாம்.

பேச்சை நிறுத்துங்கள், வாக்கியம் பாதியில் இருந்தாலும். "இதை மட்டும் சொல்லிட்டுப் போறேன்" என்பதுதான் பொறி. மூச்சை ஒருமுறை நீளமாக வெளியே விடுங்கள். பிறகு எழுதிவைத்த வாக்கியத்தைச் சொல்லுங்கள். அதன் பின் எழுங்கள். எழுந்து நின்றுகொண்டு சொன்னால் அதே சொற்கள் மிரட்டலாகக் கேட்கும், முக்கியமாக நீங்கள் உயரமானவர் என்றால். கதவைச் சத்தமில்லாமல் சாத்துங்கள். படாரென்று சாத்திய கதவு நீங்கள் சொன்ன வாக்கியத்தை அழித்துவிடும்.

எதிராளி, "இப்பவே பேசி முடிக்கணும், எங்க போற?" என்று பின்னால் வரலாம். அதே வாக்கியத்தை அதே குரலில் இன்னொரு முறை மட்டும் சொல்லுங்கள். மூன்றாம் முறை விளக்கம் சொல்லப் போனால் அது புது வாக்குவாதம். கையைப் பிடித்து இழுத்தாலோ கதவை மறித்தாலோ, அது 1-ஆம் படியின் கடைசி வகைக்குப் போய்விட்டது.

எழுந்து போகவே முடியாத இடங்களும் உண்டு: ஓடும் வண்டி, நோயாளியின் படுக்கை அருகே, வாடிக்கையாளர்கள் வரிசையில் நிற்கும் கவுன்டர். அங்கே உடம்பை நகர்த்த முடியாவிட்டாலும் பேச்சை நகர்த்தலாம். "இந்த விஷயத்தை இறங்கின பிறகு பேசலாம்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பாருங்கள். கவுன்டரில் என்றால் "என் மேலாளரைக் கேட்டுட்டு வர்றேன்" என்பது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. உண்மையிலேயே போய்க் கேளுங்கள்.

7. வெளியே இருக்கும் நேரத்தில் என்ன செய்வது

குறைந்தது 20 நிமிடம். இரண்டு நிமிடத்தில் "சரியாயிட்டேன்" என்று தோன்றும், நம்பாதீர்கள். சண்டைக்கு உடம்பைத் தயார்செய்த அட்ரினலின், நார்அட்ரினலின் என்ற ஹார்மோன்கள் இரண்டும் அடங்க நேரம் பிடிக்கும். கார்டிசோல் என்ற இன்னொரு ஹார்மோன் இன்னும் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும்.

காட்மனின் ஆய்வுக்கூடத்தில் செய்த சோதனை ஒன்று இந்தப் படிக்குப் பொருத்தமானது. சண்டை போட்டுக்கொண்டிருந்த தம்பதிகளைப் பாதியில் நிறுத்தி, கருவியைச் சரிசெய்ய வேண்டும் என்று சொல்லி, அரை மணி நேரம் அந்த விஷயத்தைப் பேசாமல் பத்திரிகை படிக்கச் சொன்னார்கள். மறுபடி பேசத் தொடங்கியபோது துடிப்பு இறங்கியிருந்தது, பேச்சும் நயமாக இருந்தது. பத்திரிகையில் மந்திரம் ஒன்றும் கிடையாது. அந்த அரை மணி நேரம் மனம் சண்டையை ஓட்டிப் பார்க்காமல் இருந்தது, அதுதான் வேலை செய்தது.

புதியவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். வெளியே வந்து, "அவன் அப்படிச் சொன்னப்ப நான் இப்படிக் கேட்டிருக்கணும்" என்று மனத்துக்குள் வழக்காடுவார்கள். இருபது நிமிடம் கழித்து வாதம் கூர்மையாகி, முன்பைவிடக் கோபத்தோடு உள்ளே போவார்கள். நடந்து வந்தும் பயனில்லை என்று பிறகு சொல்வார்கள்.

தலையணையைக் குத்துவது, பொருளை எறிவது போன்ற "ஆத்திரத்தை வெளியே கொட்டும்" வழிகளும் கைகொடுக்காது. கோபத்தை ஆராயும் உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், தங்களைக் கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டு குத்துப் பையைக் குத்தியவர்களுக்குத்தான் கோபம் அதிகமாக இருந்தது. சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்குக் குறைவாக இருந்தது. அவரும் சோஃபி கியர்விக்கும் 2024-இல் 154 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் அதே முடிவு: உடம்பின் வேகத்தைக் குறைக்கும் செயல்கள் கோபத்தைக் குறைக்கின்றன, வேகத்தைக் கூட்டும் செயல்கள் பொதுவாகக் குறைப்பதில்லை. ஓடுவது உடம்புக்கு நல்லதுதான், ஆனால் இந்த இருபது நிமிடத்துக்கு மெதுவாக நடப்பதே பொருத்தம்.

மூச்சு: நான்கு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே. நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். ஐந்து நிமிடம் செய்யுங்கள். வெளிமூச்சு நீளும்போது இதயத்துடிப்பு இறங்குகிறது. தலை சுற்றினால் நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விடுங்கள். மீதி நேரத்துக்குக் கையையும் கண்ணையும் கொஞ்சம் பிடித்துவைக்கிற எந்தச் சின்ன வேலையும் சரி. துணி மடிக்கலாம், செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம்.

போனைத் தொடாமல் இருப்பது நல்லது. அக்காவைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னால் அவர் உங்கள் பக்கம் நிற்பார். அது இதமாகவும் இருக்கும், கோபத்துக்கு ஒரு சாட்சியும் கிடைத்துவிடும். நீங்கள் நாளைக்குச் சமாதானம் ஆகிவிடுவீர்கள், அக்கா ஆக மாட்டார். வாட்ஸ்அப்பில் நீளமான செய்தி தட்டுவதும் வேண்டாம். அது நீங்கள் வெளியே வந்து நடத்தும் அதே சண்டை. மது கூடவே கூடாது.

8. சொன்ன நேரத்துக்குத் திரும்புங்கள்

எட்டரை என்றால் எட்டரை. இன்னும் படபடப்பு அடங்கவில்லை என்றாலும் போய், "இன்னும் தயாராகல, நாளைக்குக் காலைல பத்து மணிக்குப் பேசலாம்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். தள்ளிப்போடலாம், ஆனால் 24 மணி நேரத்தைத் தாண்ட விடாதீர்கள். அதற்கு மேல் போனால் இடைவேளை என்ற பெயரில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வதாகிவிடும். பதிலே சொல்லாமல் சுவர் எழுப்புவது, பிரிவை முன்கூட்டியே காட்டும் நான்கு நடத்தைகளில் ஒன்று என்று காட்மன் பட்டியலிடுகிறார். எழுந்து போவதற்கும் அதற்கும் இடையில் இருப்பது நீங்கள் சொன்ன அந்த நேரம் ஒன்றுதான்.

முதல் வாக்கியம் விஷயத்தைப் பற்றியதாக இருக்க வேண்டாம். "போக விட்டதுக்குத் தேங்க்ஸ்" அல்லது "இப்ப பேசலாமா?" போதும். அடுத்து, அவர் சொன்னதில் உங்களுக்குப் புரிந்ததை அவர் வாயால் சொல்வதுபோலச் சொல்லுங்கள். அதன் பின் உங்கள் பக்கம்.

வந்து ஒன்றுமே நடக்காததுபோலச் சாப்பிட உட்கார்ந்துவிடுவது இன்னொரு தவறு. பலர் இதைச் சமாதானம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். பேசாமல் விட்ட விஷயம் அடுத்த சண்டையில் வட்டியோடு வரும். அதைவிட முக்கியம், எழுந்து போனால் விஷயம் அமுங்கிவிடும் என்று எதிராளி கற்றுக்கொள்வார். அடுத்த முறை உங்களைப் போக விட அவருக்கு எந்தக் காரணமும் இருக்காது.

9. அதே இடத்திலிருந்து திரும்பத் திரும்ப எழ வேண்டியிருந்தால்

ஒரு நாட்குறிப்பு வையுங்கள். தேதி, என்ன விஷயம், எழுந்தீர்களா, திரும்பி வந்து பேச முடிந்ததா, அன்று இரவு தூக்கம் எப்படி. ஒரு வரி போதும். ஆறு முதல் எட்டு வாரம் எழுதுங்கள். நினைவை நம்பி முடிவெடுத்தால், நேற்று நல்லபடியாக நடந்திருந்தால் எல்லாம் சரி என்றும், நேற்று மோசமாக இருந்தால் எப்போதும் இப்படித்தான் என்றும் தோன்றும்.

பார்க்க வேண்டியது சண்டைகளின் எண்ணிக்கையை அல்ல. திரும்பி வந்து பேசிய பிறகு ஏதாவது மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றுகூட மாறவில்லை என்றால் இருபது நிமிட நடை இதற்குப் போதாது, நிரந்தரமாக விலகுவதை யோசிக்கலாம். வேலையில் என்றால் இன்னும் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். சக்தி வற்றிப்போன சோர்வு, வேலை மீதே வெறுப்பும் விலகலும், செய்திறன் குறைந்த உணர்வு. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலின் 11-ஆம் பதிப்பு, சமாளிக்கப்படாத வேலை அழுத்தத்தால் வரும் நிலையை இந்த மூன்றைக் கொண்டுதான் வரையறுக்கிறது.

"இவ்வளவு வருஷம் இருந்துட்டேனே" என்ற எண்ணம் பலரைக் கட்டிப்போடும். ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் ப்ளூமர் என்ற ஆய்வாளர்கள் 1985-லேயே இதைச் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள்: ஏற்கனவே போட்ட பணமும் உழைப்பும் திரும்பி வராது என்று தெரிந்தும், அவற்றுக்காகவே மனிதர்கள் தொடர்கிறார்கள். கேள்வியை மாற்றிக் கேளுங்கள். இன்றுதான் முதல்முறையாக இந்த வேலை கிடைக்கிறது, உள்ளே எப்படி இருக்கும் என்பது எல்லாம் தெரியும் என்றால், சேர்வீர்களா?

முடிவு செய்தாலும் சூடான நாளில் அறிவிக்க வேண்டாம். மூன்று மாதச் செலவுக்காவது பணம், அனுபவச் சான்றிதழ், சம்பளச் சீட்டுகள், விடுப்புக் கணக்கு, நோட்டீஸ் காலம் எவ்வளவு என்ற விவரம் இவை கையில் வந்த பிறகு கடிதம் கொடுங்கள். கடிதம் நான்கு வரியில் முடியட்டும். காரணங்களை விரித்து எழுதினால் ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு பதில் வரும், நீங்கள் மறுபடி அதே மேசைக்கு முன் உட்கார்ந்து வாதாட வேண்டியிருக்கும்.

உறவிலோ நட்பிலோ என்றால் முழுவதும் அறுப்பதற்கு முன் அளவைக் குறைத்துப் பாருங்கள். தினமும் பேசுவதை வாரம் ஒருமுறை ஆக்கலாம், தனியாகச் சந்திப்பதை நாலு பேர் இருக்கும்போது சந்திப்பதாக மாற்றலாம். பலருக்கு இதுவே போதுமாக இருக்கிறது.

விலகிய முதல் சில வாரங்களில் "திரும்பி வந்துடு" என்று அழைப்பு வரலாம், உங்களுக்கே போகத் தோன்றவும் செய்யும். அன்றைக்கு அந்த நாட்குறிப்பை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். பழைய வாட்ஸ்அப் குழுக்களிலிருந்து வெளியேறுவதை முதல் வாரமே செய்துவிடுங்கள். சத்தத்தை மட்டும் அணைத்துவைத்தவர்கள் ராத்திரி பதினோரு மணிக்குத் திறந்து பார்க்கிறார்கள்.